பெரிய பிள்ளையை வீட்டிலிருந்தே படிக்க வைக்கலாமா? போடிப் பக்கத்துப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்க வைத்தால் என்ன என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கலாம். வீடு போடிமெட்டுப் பக்கம், பள்ளி கீழே போடிநாயக்கனூரில், இடையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் என்பது ஒரு காரணம். உடம்புக்கு முடியாத பிள்ளை, வகுப்பறையில் ஒடுங்கிப்போன பிள்ளை, விளையாட்டிலோ இசையிலோ முழு மூச்சாக இறங்கிவிட்ட பிள்ளை என்று வேறு காரணங்களும் உண்டு. காரணம் எதுவானாலும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சின்னப் பிள்ளைக்கு வீட்டில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பது வேறு. பதின்மூன்று, பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளையைப் படிக்க வைப்பது வேறு. இந்த வயதில் உங்கள் வேலை பாடம் நடத்துவது அல்ல, ஏற்பாடு செய்வது. எந்தத் தேர்வு, எந்த ஆண்டு, யாரிடம் சந்தேகம் கேட்பது, எந்தச் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பைப் பெரும்பாலும் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. அதற்காக அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. பதினான்கு முடிந்த பிள்ளைக்கு இந்தச் சட்டத்தின் கட்டாயம் இல்லை.

ஆகவே என் யோசனை இதுதான்: முடிந்தவரை எட்டாம் வகுப்பைப் பள்ளியில் முடிக்க விடுங்கள். மாற்றுச் சான்றிதழையும் (டி.சி.) எட்டாம் வகுப்பு மதிப்பெண் பதிவையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல சிக்கல்கள் இந்த இரண்டு தாள்களாலேயே தீர்ந்துவிடும்.

வீட்டுக்கு யாராவது விசாரிக்க வருவார்களா?

வருவார்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது ஆசிரியர்கள் வீடு வீடாகக் கேட்பார்கள். இது நல்ல வேலை; இந்த மலையடிவாரத்தில் தோட்ட வேலைக்குப் போய்ப் படிப்பை விட்ட எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவந்தது இப்படிப்பட்ட கணக்கெடுப்புதான். அவர்களிடம் முகம் சுளிக்காதீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்த ரசீது, பிள்ளையின் நோட்டுகள், எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுத் தாள்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்துக் காட்டுங்கள். காட்ட ஒன்றுமே இல்லையென்றால், அவர்கள் கவலைப்படுவது நியாயம்தான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நேரடித் தனித்தேர்வராக (பள்ளியில் சேராமல் நேராகத் தேர்வு எழுதுபவர்) எழுதுவது. இதற்குப் பதினான்கரை வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பை முடிக்காமல் நின்ற பிள்ளைக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும் இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டரை வயது.

இன்னொன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்வார்கள். 1989இல் மத்திய அரசு தொடங்கியது. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். குறைந்தது ஐந்து பாடங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியிலும் எழுத முடியும். வீடு கேரளப் பக்கம் பூப்பாறையில், ரேஷன் அட்டை போடியில் என்று இருப்பவர்களுக்கு மாநில எல்லை இதில் தடையில்லை.

இரண்டில் எது என் பிள்ளைக்கு?

இதில் அவசரப்படாதீர்கள். பத்தாவது முடித்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்குப் போடியிலோ தேனியிலோ பள்ளியில் சேரும் எண்ணம் இருந்தால் மாநிலத் தனித்தேர்வே நேர்வழி. பள்ளியில் படித்த பிள்ளைகள் வாங்கும் அதே வாரியச் சான்றிதழ் என்பதால் எங்கு கொண்டுபோனாலும் சமம்தானா என்ற கேள்வி எழாது.

பத்தாவதுக்குப் பிறகும் வீட்டிலேயே இருந்து, அதுவும் அறிவியல் பாடங்களோடு பன்னிரண்டாவதை முடிக்க வேண்டுமென்றால் திறந்தநிலைப் பள்ளி பொருந்தும். இயற்பியல், வேதியியல், உயிரியல் செய்முறைகளை அவர்கள் ஒதுக்கும் கற்றல் மையத்தில் செய்ய வேண்டும். மையம் எங்கே என்று பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள். கற்றல் மையம் தொலைவில் இருந்தால் செய்முறை நாட்களுக்குப் பயணமும் தங்கலும் சேரும்.

ஒரு எச்சரிக்கை. திறந்தநிலைப் பள்ளியில் பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிட்டு எளிதானவற்றை எடுக்கத் தோன்றும். பதினான்கு வயதில் கணிதத்தை விட்டால் பதினாறு வயதில் பல பாடப்பிரிவுகள் மூடிக்கொள்ளும். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பள்ளியின் ஐந்தையே எடுத்து வைப்பது பாதுகாப்பு. மிகவும் தடுமாறும் பிள்ளைக்கு மட்டும் அந்தச் சலுகையைப் பயன்படுத்துங்கள். அவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி.

மாநிலத் தேர்வில் எங்கே தவறுகிறார்கள்?

அறிவியல் செய்முறையில். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்து மொத்தம் 35 வந்தால்தான் தேர்ச்சி. செய்முறைத் தேர்வு எழுத, தனித்தேர்வர்கள் முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் போயாக வேண்டும். 80 சதவீத வருகை வேண்டும். இந்தப் பதிவு, பொதுத்தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். தேர்வுக்குத்தானே விண்ணப்பிக்க வேண்டும், இன்னும் நாளிருக்கிறது என்று இருந்துவிட்டு ஓராண்டை இழப்பவர்கள் உண்டு. கல்வியாண்டு தொடங்கும் ஜூனிலேயே மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்திலோ நேரில் போய், இந்த ஆண்டுக்கான தேதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நாளிதழில் வரும் சிறு அறிவிப்பை நம்பியிருக்க வேண்டாம்.

இதனால் பிள்ளை எதையாவது இழக்குமா?

இழக்கும். இதைப் பலர் பின்னால்தான் தெரிந்துகொள்கிறார்கள். முடிவெடுக்கும் முன் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

உங்கள் பிள்ளை இப்போது அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அதற்கு உண்டு. 2020இல் வந்த சட்டம் அது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2021இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. நடுவில் நிறுத்தினால் உரிமை போய்விடும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை பள்ளியில் படித்ததை வைத்தே கிடைக்கின்றன. ஏலத்தோட்டக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு இவை சிறிய தொகை அல்ல.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பள்ளிப் படிப்பு முதலே தமிழ் வழியில் படித்ததற்கு அதில் சான்று கேட்பார்கள். வீட்டிலிருந்து படித்த ஆண்டுகளுக்கு யார் சான்று தருவது? மேலும், திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழ் மாநில அரசு வேலைக்கு இணையானதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் எழுந்திருக்கிறது. பிள்ளைக்கு அரசு வேலைதான் குறி என்றால், அப்போதைய அரசாணையைக் கேட்டுப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவரா என்று பார்ப்பார்கள். அதைப் பள்ளிப் பதிவால் காட்ட முடியாத பிள்ளைக்கு இருப்பிடச் சான்று (நேட்டிவிட்டி) வேண்டும். கேரளப் பக்கம் தோட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாதிச் சான்றையும் இருப்பிடச் சான்றையும் இ-சேவை மையம் வழியாக முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

மருத்துவமோ ஐ.ஐ.டி.யோ கனவென்றால் வழியே இல்லையா?

இருக்கிறது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்று போடப்பட்ட விதியை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு பன்னிரண்டாவது முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கும் ஐந்து பாடங்களோடு முடித்த திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் தகுதியானவர்களே.

சான்றிதழே வேண்டாம், அறிவு போதும் என்று சொல்பவர்கள் மும்பையின் மாளவிகா ராஜ் ஜோஷியை உதாரணம் காட்டுவார்கள். ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டவர். பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ்கள் இல்லாமலே 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரைச் சேர்த்துக்கொண்டது. உண்மைதான். ஆனால் அவரிடம் பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடில் வென்ற மூன்று பதக்கங்கள் இருந்தன. அப்படியிருந்தும் பன்னிரண்டாவது இல்லாததால் ஐ.ஐ.டி.யின் கதவு திறக்கவில்லை. இந்தியாவில் அவருக்கு இடம் தந்தது சென்னைக் கணிதவியல் நிறுவனம். இதிலிருந்து நமக்குத் தேவையானது ஒன்று: திறமை எவ்வளவு இருந்தாலும் பன்னிரண்டாவது சான்றிதழை எழுதி வாங்கிவிடுவது நல்லது.

எனக்கே பத்தாவது கணக்கு தெரியாதே, எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். போடியிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் கணக்குச் சந்தேகம் தீர்க்க ஒரு கல்லூரி மாணவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ கிடைப்பது கடினமல்ல.

நீங்கள் செய்யக்கூடியது, ஆனால் வேறு யாரும் செய்ய முடியாதது ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு" என்று கேட்டு உட்காருங்கள். புரியாத அம்மாவுக்கும் அப்பாவுக்கும் புரிய வைக்கப் பிள்ளை படும் பாட்டில்தான் பாடம் உள்ளே இறங்கும். எங்கே மழுப்புகிறதோ அங்கே மறுநாள் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும்?

பள்ளி மணியைப் போல எட்டு மணி நேரம் வேண்டாம். இந்த வயதில் ஒருமுகப்பட்ட நான்கு மணி நேரம் போதும், அது அன்றாடம் நடந்தால். கடினமான பாடத்தைக் காலையில் வையுங்கள். மலையில் மழைக்காலத்தில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது; வீடியோப் பாடங்களை முந்தைய நாளே இறக்கி வைத்துவிட்டு, மின்சாரம் இல்லாத நேரத்தை எழுத்து வேலைக்கு ஒதுக்குங்கள்.

எழுத்து வேலையை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள், நன்றாக வாசிப்பார்கள், ஆனால் மூன்று மணி நேரம் விடாமல் எழுதிப் பழகியிருக்க மாட்டார்கள். வாரம் ஒரு முறை பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, இடையில் எழுந்து போகாமல் முழுத் தேர்வாக எழுத வையுங்கள்.

மீதி நேரத்துக்கு இந்த மலையே பாடமாகும். போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். கீழே ஊர் அதைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வு. ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு காலையில் கீழேயும் சற்று நேரத்தில் மேலேயும் அளந்தால் ஆறு, ஏழு டிகிரி குறைவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். மேலே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 95இல் கொதிப்பதையும், அதனால் திறந்த பானையில் சோறு வேக நேரமாவதையும் சமையலறையிலேயே காட்டலாம். ஜூனில் பூப்பாறைப் பக்கம் கொட்டும் மழை போடியில் ஏன் வெறும் காற்றாக வருகிறது, இங்கே ஏன் ஐப்பசியில் பெய்கிறது என்பது புவியியல் பாடம்.

ஏலக்காயும் அப்படித்தான். பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் சுமார் ஒரு கிலோ. காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒவ்வொரு எடுப்புக்கும் பச்சை எடை, உலர்ந்த எடை, மில்லிமீட்டர் தரம், ஏலத்தில் போன விலை ஆகியவற்றை ஒரு பருவம் முழுக்கப் பிள்ளை நோட்டில் குறித்தால், சதவீதம், சராசரி, வரைபடம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஏலப்பூவில் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன் சரத்தருகே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அப்படியென்றால் தோட்ட வேலைக்குக் கூட்டிப் போகலாமா?

கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. கற்பதற்காகப் பார்ப்பது வேறு, கூலிக்கு நிற்பது வேறு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி பதினான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது; சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத உதவி மட்டும் செய்யலாம். பதினான்கிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தான வேலை கூடாது. ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அதிகம். மருந்து அடிக்கும் நாளிலும் அடுத்த சில நாட்களும் பிள்ளை அந்தப் பக்கமே போகக் கூடாது. எடுப்புக் காலத்தில் ஆள் பற்றாக்குறை வரும், "ஒரு வாரம்தானே" என்று தோன்றும். அந்த ஒரு வாரம் ஒரு பருவமாக நீள்வதை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது.

பெண் பிள்ளையென்றால் இன்னும் கவனம். வீட்டில் இருக்கிறாள் என்பதாலேயே சமையலும் தம்பி தங்கையும் தண்ணீர் எடுப்பதும் அவள் தலையில் விழும். கொஞ்ச நாளில் உறவினர்கள் வரன் பேச ஆரம்பிப்பார்கள். அவளுடைய நான்கு மணி நேரத்தைக் காக்க உங்களால் முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்தால், பள்ளியே அவளுக்குப் பாதுகாப்பான இடம். பதினெட்டுக்கு முன் திருமணம் என்று எங்காவது பேச்சு வந்தால் 1098க்கு யாரும் அழைக்கலாம்.

நாங்கள் இருவருமே காலையில் ஜீப்பில் மலைக்குப் போகிறவர்கள். முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், கடினம். காலையில் போய் மாலையில் திரும்பும் வீட்டில் பதினான்கு வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கும் என்று எதிர்பார்ப்பது அதற்குப் பெரும் சுமை. தாத்தா, பாட்டி, சித்தி என்று பகலில் கண்காணிக்க ஒருவர் உறுதியாக இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அரசு விடுதியோடு கூடிய பள்ளியை முதலில் விசாரியுங்கள். பயணம்தான் பிரச்சினை என்றால் அதற்கு விடுதியே மேலான தீர்வு.

நண்பர்கள் இல்லாமல் ஒதுங்கிப் போய்விடாதா?

விட்டுவிட்டால் ஒதுங்கும். வாரத்தில் குறைந்தது மூன்று நாளாவது ஒத்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்: மாலை விளையாட்டு, கிளை நூலகம், தட்டச்சு வகுப்பு, கராத்தே, எதுவானாலும் சரி. 2023 ஜூனிலிருந்து போடிக்கு அகல ரயில் வந்துவிட்டதால் மதுரை எளிதாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காந்தி அருங்காட்சியகமும் கீழடி அருங்காட்சியகமும் பார்த்து வந்தால், படிப்பும் நட்பும் சேர்ந்தே நடக்கும்.

நடுவில் பிள்ளை "பள்ளிக்கே போறேன்" என்றால்?

தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். உடனே சேர்த்துவிடுங்கள். பதினான்கு வயதுக்குள் என்றால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது, டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கவும் கூடாது. எட்டாவது தேர்ச்சியோடு ஒன்பதில் சேரலாம். பத்தாவது தேர்ச்சியோடு பதினொன்றில் சேரலாம். பத்தாவதுத் தேர்வுக்கு முந்தைய ஆண்டின் நடுவில் திரும்புவதுதான் சிரமம். எனவே முடிவை ஏப்ரல், மே மாதத்தில் எடுக்கும்படி பிள்ளையோடு ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ஜூனில் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போது பிறப்புச் சான்று, டி.சி., எட்டாம் வகுப்புப் பதிவு, சாதிச் சான்று, ஆதார், நீங்கள் சேர்த்து வைத்த அந்தக் கோப்பு ஆகியவற்றோடு பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஏன் திரும்ப வருகிறது என்பதைப் பிள்ளையே தன் வாயால் சொல்லட்டும்.